கோடு தாண்டிய மாசிலாமணி

ராயபுரம் கடலோரத்தில் மாசிலாமணி என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். 'கோடுதாண்டி' என்று முன்னால் சேர்த்துக் கேட்டால் ஒரே ஆள்தான். அவனையும் சும்மா காட்ட மாட்டார்கள். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். பகல் முழுக்கத் துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்துவிட்டு வருகிறவன், குப்பத்துக்குள் நுழைந்ததும் இந்தச் சிரிப்பையும் சுமக்க வேண்டும். கரியாவது தேய்த்துக் குளித்தால் போய்விடும்.

இத்தனைக்கும் அவன் செய்த குற்றம் ஒன்றுதான். கப்பலில் போய், பூமியின் நடுவில் ஓடுகிற கோட்டைத் தாண்டினான். தாண்டியதோடு விட்டானா? அதற்குக் காகிதம் வாங்கி வந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினான். அங்கேதான் வந்தது வினை.

காகிதம் பார்க்க அமர்க்களமாக இருக்கும். முழம் நீளம். சுற்றிலும் கயிறு முறுக்கின மாதிரி பார்டர். மேலே கிரீடம் வைத்த தாடிக்காரர் ஒருவர், கையில் மூன்று முனைச் சூலம். கீழே சிவப்பு அரக்கில் முத்திரை, அதன் பக்கத்தில் கப்பல் காப்டன் துரையின் கையெழுத்து. ஓரத்தில் மீன் வால் வைத்த ஒரு பெண், இடுப்புக்கு மேலே ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மாசிலாமணியின் மாமியார் பவுனம்மாள்தான் அதைப் பார்த்து "ஐயே, கருமம்" என்று தலையில் அடித்துக்கொண்டு, சிவப்புப் பட்டுத்துணியில் ஒரு துண்டு வெட்டிப் பசை தடவி ஒட்டி அவள் மானத்தைக் காப்பாற்றினாள். ஆயுத பூஜைக்கு அந்தச் சட்டத்துக்குப் பொட்டும் உண்டு, கற்பூரமும் உண்டு. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இங்கிலீஷ், அதுவும் சுழித்துச் சுழித்துப் போட்ட இங்கிலீஷ். முத்திரை இருந்தது, துரை கையெழுத்து இருந்தது. சர்க்கார் காகிதம் என்று நம்ப இதற்குமேல் என்ன வேண்டும்? பவுனம்மாள் தன் மகள் கன்னியம்மாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததே அந்த முத்திரையைப் பார்த்துத்தான். கட்டுமரம் வைத்திருந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

கப்பலில் அவன் பார்த்த உத்தியோகம் தட்டு கழுவுவது. 'பட்லர்' என்று அவன் சொல்லிக்கொள்வான். நாற்பத்தொன்றாம் வருஷம், யுத்த காலம். ஹாரோடேல் என்ற கப்பல் கொழும்பிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சிப்பாய்களையும் துரைசானிகளையும் ஏற்றிக்கொண்டு போனபோது, அதில் இவனும் போனான். திரும்பி வந்து சென்னையில் பத்து நாள் லீவில் இறங்கினான். கப்பல்காரர்களுக்கு 'நல்லி' என்று ஒரு புத்தகம் உண்டு. எந்தக் கப்பலில் எத்தனை நாள், வேலை எப்படி, நடத்தை எப்படி என்று அதில் எழுதித் தருவார்கள். அது இல்லாதவனைத் தோணியில்கூட ஏற்ற மாட்டார்கள். லீவில் இறங்குகிறவன் நல்லியைக் கப்பலிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். இவன் கொடுத்துவிட்டு வந்தான். யுத்த உத்தரவு வந்து, லீவின் ஆறாம் நாளே கப்பல் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. இரண்டு மாதம் கழித்து வங்காளக் கடலில் ஜப்பான்காரன் போட்ட குண்டில் அது அடியோடு மூழ்கியது. அத்தனை பேரும் போனார்கள், நல்லியும் போனது. மிஞ்சியது உயிரும் இந்தக் காகிதமும்தான்.

"உசுரு கீதே, அது போதாதா?" என்று கன்னியம்மா கேட்பாள். நியாயமான கேள்வி. ஆனால் கடலில் பெரிய கப்பலில் நின்று காற்று வாங்கினவனுக்குக் கரிக்கூடை இனிக்குமா? நல்லி இல்லாமல் எந்தக் கப்பலும் ஏற்றவில்லை. எனவே அவன் வாயாலேயே கப்பல் ஓட்டினான்.

குப்பத்து முனையில் ராசையா அண்ணாச்சியின் மளிகைக் கடை. சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து அரிசி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்தவர். கடலில் கால் நனைத்ததில்லை. அலையைக் கண்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளி நடப்பார். ஆனால் கடல் கதை கேட்பதில் அவருக்கு நிகர் அவர்தான். சாயங்காலம் கடைக்கு முன்னால் நாலு பேர் கூடினால் அவரே ஆரம்பித்து வைப்பார்.

"ஏ மாசிலாமணி, அந்தக் கோடு எப்படிவே இருந்துச்சு?"

"கப்பல் கயிறு கீது பாரு அண்ணாச்சி, அதுல நாலு மடங்கு. பச்சையா பாசி புடிச்சு மெதந்துகினு கீது. கண்ணுக்கெட்ன தூரம் இந்தாண்டையும் போவுது, அந்தாண்டையும் போவுது."

"கப்பல் எப்படி அதைத் தாண்டும்?"

"ஏறி எறங்கும். டொக்குனு ஒரு ஆட்டம். அலமாரில இருந்த தட்டெல்லாம் உருண்டுச்சு, நான்தான் புடிச்சேன்."

"கயித்து முனை ரெண்டையும் எங்கனவே கட்டியிருக்கான்?"

"ஒரு பக்கம் ஆப்பிரிக்கா. ஒரு பக்கம் சுமத்ரா. வருசத்துக்கு ஒரு தபா வெள்ளக்காரன் வந்து முறுக்கு பாத்துட்டுப் போவான்."

கேட்பவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாசிலாமணியும் ஒவ்வொரு சாயங்காலமும் கயிற்றை ஒரு சாண் தடியாக்கினான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் சும்மா அளந்துவிடுகிறவன் இல்லை. அந்தக் கோடு எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியாது, அதுதான் அவன் மனதை அரித்தது. கப்பலில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள், தான் ஒருவன்தான் பார்க்கவில்லை என்று சத்தியமாக நம்பினான். ஏன் பார்க்கவில்லை என்ற கதை அவன் வாயாலேயே வரட்டும். அதற்கு ஒரு நாள் வந்தது. அதுவரை, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிச் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டான். பாவம், நம்மில் யார்தான் அதைச் செய்யவில்லை!

சுதந்திரம் வந்த வருஷம் லியோனார்ட் துரை வந்து காரியத்தைக் கெடுத்தார். துரை என்றால் நிஜ துரை இல்லை. ராயபுரம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். சிகரெட் வாங்கக் கடைக்கு வந்தவரிடம் அண்ணாச்சி சும்மா இருக்காமல் கோட்டைப் பற்றிச் சொல்லி வைத்தார். லியோனார்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏ மேன், கோடு எங்கே மேன் கீது? அது மேப்ல போட்டது. பூமியில ஒண்ணும் கிடையாது. சும்மா மனசால நெனச்சுக்கிறது."

"இல்லாததையா தாண்டுனாரு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எஸ். அதான் தமாஷ்."

மாசிலாமணி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நகர்ந்திருக்கலாம். விதி யாரை விட்டது? ஓடிப்போய் வீட்டுச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். "இத்தப் படி தொரே. சர்க்காரு பொய் சொல்லுமா? படி!" என்று முண்டினான். லியோனார்ட் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். கடைக்கு முன்னால் முப்பது பேர் நின்றார்கள், கன்னியம்மாவும் பவுனம்மாளும் உட்பட.

அது சர்க்கார் காகிதமே இல்லை. சமுத்திர ராஜாவான நெப்டியூன் மகாராஜா, தம்முடைய ராஜ்யத்துக் கோட்டைத் தாண்டி வந்த மாசிலாமணி என்பவனைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். சுறா, திமிங்கிலம், நண்டு, கடல்கன்னி ஆகிய சகலரும் அவனை எங்கே கண்டாலும் தொந்தரவு செய்யாமல் வழிவிட வேண்டியது. இப்படிக்கு நெப்டியூன். சாட்சி, கப்பல் காப்டன். முதல் தடவை கோடு தாண்டுகிறவனை வைத்து விளையாடிவிட்டுக் கப்பல்காரர்கள் கொடுக்கிற வேடிக்கைக் காகிதம் அது.

சிரிப்பு எழும்பூர் வரை கேட்டிருக்கும். "நெப்டியூன் புள்ள வராரு, நண்டெல்லாம் ஓரமா ஒத்து!" என்று ஒருவன் கத்தினான். அன்றைக்குத்தான் 'கோடுதாண்டி' என்ற பட்டம் வந்தது. சிரிக்காதவள் பவுனம்மாள் ஒருத்திதான். "எந்த ராசா குடுத்தா இன்னா, சுறா தொடக்கூடாதுன்னு போட்டுக்கீதுல்ல? அது நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு, சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகளை வேறு இடத்தில் கொடுத்திருக்கலாமே என்ற வயிற்றெரிச்சலை அவள் வெளியே காட்டவே இல்லை.

சிரித்த யோக்கியர்களைப் பற்றி நான் இங்கே இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மாட்டேன். இல்லாத கோட்டுக்கு யாராவது பயப்படுவார்களா என்று கேட்டுச் சிரித்தார்களே, அந்தக் குப்பத்துக்கும் அடுத்த குப்பத்துக்கும் நடுவில் கடலில் எல்லை எங்கே இருக்கிறது? தண்ணீரில் யார் சுண்ணாம்பு போட்டார்கள்? ஆனாலும் அடுத்த குப்பத்தான் வலை இந்தப் பக்கம் பத்தடி வந்தால் மண்டை உடைந்தது, பஞ்சாயத்துக் கூடியது. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் பின்னால் இருக்கிற சேரிப் பெண்கள் வந்தால் இன்ன இடத்தோடு நின்றுகொள்ள வேண்டும். எந்த இடம் என்று தரையில் ஒரு கீறலும் கிடையாது. குடத்தோடு வருகிற எட்டு வயதுப் பெண்ணுக்குக்கூட அது தெரிந்திருந்தது, மிகச் சரியாக அங்கே வந்து நின்றாள். இப்படிக் காலையிலிருந்து இரவு வரை கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்குள்ளேயே புழங்கிக்கொண்டு, ஒருவன் தாண்டினேன் என்று வந்து சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் மாசிலாமணி சட்டத்தை அடுப்பில் போடப் போனான். கன்னியம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு எரிக்கிறே?"

"அல்லாம் சிரிக்கிறானுங்க கன்னிம்மா."

"நீ கப்பல்ல போனியா இல்லியா?"

"போனேன். உன் மேல ஆணையா போனேன்."

"அப்ப இது அங்கியே இருக்கட்டும். எரிச்சா நீ போவவே இல்லன்னு ஆய்டும்" என்று சொல்லி அவளே ஆணியில் மாட்டினாள். அவளுக்கு நாக்கு நீளம், மனசு கெட்டி. தெருவில் யாராவது 'கோடுதாண்டி பொண்டாட்டி' என்றால் அந்த வீட்டு மூன்று தலைமுறையையும் இழுத்துவைத்துப் பேசிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். புருஷனை மட்டும் அதற்காக ஒரு சொல் சொன்னதில்லை. அதுவே அவனுக்கு அதிகமாக வலித்தது.

ஆறு வருஷம் இப்படிப் போனது. ஐம்பத்து மூன்றில் ஒரு நாள் காலை அண்ணாச்சி பேப்பரும் கையுமாகக் கரி யார்டுக்கே வந்து நின்றார். கப்பல் ஆட்களுக்குப் புதுப் பதிவு எடுக்கிறார்களாம். யுத்த காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு முதல் இடம். நல்லி தொலைந்தவர்களும் தக்க ஆதாரம் காட்டினால் புது நல்லி தருவார்கள். வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது; அதற்குப் பிறகு புது ஆள் யாரையும் எடுப்பதாக இல்லை.

"அந்தக் காகிதத்தைக் கொண்டு போவும். அதுல கப்பல் பேரு இருக்கு, தேதி இருக்கு. காப்டன் கையெழுத்து பொய்யா?" என்றார் அண்ணாச்சி. "ஆபீசுல ஆறுமுகநயினாருன்னு குமாஸ்தா ஒருத்தர் இருக்காரு. நம்ம பக்கத்து ஆளு. நானும் வந்து ஒரு வார்த்தை சொல்லுதேன்."

ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்த ஆள்தான். ஆனாலும் அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்தார். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள், என்ன செய்வது. மாசிலாமணிக்கு அப்போது வயது முப்பத்து நாலு. கரித்தூள் நெஞ்சில் இறங்கி இருமல் ஆரம்பித்திருந்தது. கூடை தூக்குகிறவன் நாற்பதைத் தாண்டினால் அதிசயம் என்று யார்டில் சொல்வார்கள். இந்தப் பதிவில் பெயர் ஏறினால் கடல், ஏறாவிட்டால் கரிதான். அது அவனுக்கும் தெரியும், கன்னியம்மாவுக்கும் தெரியும்.

துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்த ஆபீசின் பெயர் நமக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை வெளுத்த சட்டை போட்டு, சட்டத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாசிலாமணி போனான். கன்னியம்மா கூடவே வந்து வெளி கேட்டில் நின்றுகொண்டாள். வேடிக்கை பார்க்க வந்த குப்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஹாலின் வாசலில் மொய்த்தார்கள். அண்ணாச்சி முன்னால் போய் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். ஆறுமுகநயினார் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு, "ஊர் எல்லாம் வெளியே. இங்கே ரூல் மட்டும்தான்" என்றார். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

குமாஸ்தா காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

"நெப்டியூன் என்கிறவர் யார்? கெஜட்டட் ஆபீசரா?"

"சமுத்ர ராசா சாமி."

"அட்டெஸ்டேஷன் இல்லை. விலாசம் இல்லை." பிறகு ஓரத்தைப் பார்த்தார். "இது என்ன, துணி ஒட்டியிருக்கிறது? ஆவணத்தில் திருத்தமா? எதை மறைத்திருக்கிறீர்?"

"அது… அந்தப் பொம்பளைக்கு மேல துணி இல்ல சாமி. மாமியாரு ஒட்டுனாங்க."

ஹாலில் இருந்தவர்கள் சிரித்த சத்தத்தில் உள்ளறைக் கதவு திறந்தது. வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக அதிகாரி வெளியே வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டு மனிதர், கப்பலிலேயே பதினைந்து வருஷம் இருந்தவர். காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடே, என்னிடமும் இது ஒன்று இருக்கிறதே!" என்றார். குமாஸ்தாவின் ஆட்சேபணைகளைக் கையாலேயே ஒதுக்கினார். சுவரில் தொங்கிய பெரிய கடல் படத்துக்குப் போய், கொழும்பில் ஒரு முனையும் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஒரு முனையுமாக அடிக்கோல் வைத்தார். அது பூமத்திய ரேகையை வெட்டுகிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். காகிதத்தில் எழுதியிருந்த டிகிரியும் அதுவும் ஒன்றாக இருந்தன.

"காகிதம் உண்மைதான். ஆனால் காகிதத்தை யார் வேண்டுமானாலும் வாங்கி வைத்திருக்கலாம். நீதான் அந்த ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று திரும்பினார். "கோடு தாண்டின அன்றைக்கு என்ன பார்த்தாய்? சொல்லு."

வாசலில் அண்ணாச்சி நின்றார். அவருக்குப் பின்னால், பச்சைக் கயிற்றையும் டொக்கென்ற ஆட்டத்தையும் ஆறு வருஷமாகச் சொல்லிச் சிரித்த அத்தனை முகமும் நின்றது. உண்மையைச் சொன்னால் இவர்கள் முன்னால் ஒரேயடியாக அம்பலம். கயிற்றைச் சொன்னால் இந்த அதிகாரி இப்போதே வெளியே அனுப்புவார். மாசிலாமணி மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணும் பாக்கல தொரே" என்றான்.

"ஒன்றுமேயா?"

"என் தல தண்ணிக்குள்ள இருந்துச்சு."

பிறகு கொட்டிவிட்டான். தட்டு கழுவுகிற அறையில் டப்பாப் பால் அடுக்கியிருந்தார்கள். அவன் அதை ஆசைப்பட்டு எடுத்துக் குடித்திருந்தான். மறுநாள் மத்தியானம் நாலு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து அவனை அலாக்காகத் தூக்கிக்கொண்டு மேல் தளத்துக்குப் போனார்கள். அங்கே கயிற்று நாரில் தாடி வைத்த ராஜா ஒருவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொம்பளை வேஷம் போட்ட ஒரு தடியன். அந்தத் தாடிக்காரர் காகிதத்தைப் பார்த்துக் கத்திக் கத்திக் குற்றம் படித்தார். பால் டப்பா விவகாரம் பிடிபட்டுவிட்டது, கப்பலில் திருடினால் இதுதான் கோர்ட் போலிருக்கிறது என்று மாசிலாமணி நடுங்கிப்போனான்.

"கால்ல வுழுந்தேன் தொரே. 'நான்தான் எடுத்தேன், தெரியாம எடுத்துட்டேன், வுட்ருங்க'ன்னு அழுவுறேன். அவுங்க இன்னும் சிரிக்கிறாங்க. மூஞ்சில மாவையும் முட்டையையும் கொழச்சுப் பூசி, மரக்கத்தில சவரம் பண்ணி, தலகீழா தண்ணித் தொட்டில தூக்கிப் போட்டாங்க. மூணு வாட்டி. மூணாவது வாட்டி உள்ளார இருக்கும்போதுதான் கப்பல் சங்கு ஊதிச்சு. எந்திரிச்சா அல்லாரும் 'தாண்டியாச்சு, தாண்டியாச்சு'ன்னு குதிக்கிறாங்க. நான் எங்கத்த பாக்குறது? கூட வேல செஞ்சவன 'கோடு பாத்தியா'ன்னு கேட்டேன், 'ஓ, சோக்கா கீதே'ன்னான். சரி, நம்ம தலையெழுத்துன்னு வுட்டுட்டேன். காயிதம் குடுத்தாங்க. தாண்டுனதுக்காம். அப்ப திருட்ட மன்னிச்சுட்டாங்கன்னு நெனச்சுக்கினேன்."

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. ஹாலே சிரித்தது. ஆனால் அது கடை வாசல் சிரிப்பு இல்லை என்று மாசிலாமணிக்குத் தெரிந்தது. அவனுக்கே உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"எத்தனை டப்பா?" என்று கேட்டார் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒண்ணு தொரே." அவர் முகத்தைப் பார்த்தான். "மூணு."

"இவன் அங்கே இருந்தவன்தான் ஐயா. இதை யாராலும் கட்டிச் சொல்ல முடியாது. ஒரு வார்த்தை விடாமல் நம்புகிறேன்" என்று சொல்லிப் பதிவுத் தாளை இழுத்து, கப்பல் பெயர், வருஷம், வேலை எல்லாவற்றையும் தம் கையாலேயே எழுதினார். வேலைத் திறமை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று போட்டார். ரப்பர் ஸ்டாம்பைக் கையில் எடுத்தார்.

அப்போது ஆறுமுகநயினார் தொண்டையைக் கனைத்தார். "சார், நடத்தை என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் நன்று என்று இல்லாதவருக்கு நல்லி கிடையாது."

"போடுங்கள், நன்று என்று."

"எப்படி சார் போடுவது? கப்பல் சரக்கைத் திருடினதாக அவரே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். மூன்று டப்பா. நான் எழுதிவிட்டேன், பக்கம் நாற்பத்தொன்று. இத்தனை பேர் சாட்சி."

"வேடிக்கையாகச் சொன்னான் ஐயா. பால் டப்பா."

"அப்படியானால் அவர் சொன்னதை நம்ப வேண்டாம் சார். நம்பவில்லை என்றால் கப்பலில் இருந்ததற்கும் ஆதாரம் கிடையாது. நம்பினால் திருட்டையும் சேர்த்து நம்ப வேண்டும். ஆடிட் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?"

அதிகாரி ரப்பர் ஸ்டாம்பைக் கீழே வைத்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகம் இல்லை. பூமத்திய ரேகையை எத்தனையோ தடவை தாண்டினவர். அந்தத் தாளில் நடத்தை என்ற பத்திக்கு இரண்டு பக்கமும் அச்சடித்திருந்த மெல்லிய கோட்டைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை. குமாஸ்தா பேனாவில் மை தொட்டு நீட்டினார். அதிகாரி வாங்கி, அந்தப் பத்தியில் 'நன்று இல்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு, "மன்னித்துக்கொள் அப்பா" என்று மாசிலாமணியின் முகத்தைப் பார்க்காமலே சொல்லி, சட்டத்தைத் தம் கைக்குட்டையால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

மாசிலாமணி வாங்கிக்கொண்டு திரும்பினான். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒருவரும் பட்டப்பெயர் சொல்லவில்லை. படியிறங்கும்போது அண்ணாச்சி அவன் முதுகில் கை வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார்.

கேட்டில் கன்னியம்மா ஓடி வந்தாள். உள்ளேயிருந்து கேட்ட சிரிப்புச் சத்தத்தில் அவளுக்கு முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"இன்னா ஆச்சு? நம்புனாங்களா இல்லியா? சொல்லுய்யா!"

மாசிலாமணி சட்டத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"நம்பிட்டாங்க கன்னிம்மா" என்றான். "அந்தப் பெரிய தொரயே சொன்னாரு. ஒரு வார்த்த வுடாம நம்பிட்டாங்க."

அவ்வளவுதான், கன்னியம்மாவுக்கு ஆறு வருஷத்துத் தேக்கம் உடைந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், உடனே இடுப்பில் கையும் வைத்தாள். "கேட்டியா அண்ணாச்சி! எம் புருசன் பீலா உடுறான், பீலா உடுறான்னு ஊரு பூரா பேசுனீங்களே, இப்ப இன்னா சொல்றே?"

"நெசந்தாம்மா" என்றார் அண்ணாச்சி. "தாண்டுனவருதான். எல்லாரும் கேட்டோம்."

"அப்டி வா வழிக்கு!" என்று பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராக முறைத்தாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுக்கு அதுவும் வெற்றியாகவே பட்டது. பிறகு புருஷன் பக்கம் திரும்பி, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே கேட்டாள்.

"கப்பல் எப்போ?"